பேர் சொல்ல ஒரு ஏஜெண்டு

உத்திரமேரூர் தொகுதியில் எந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிக்க இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். டிவியில் கலர் கலராகப் படம் போட்டே காட்டுகிறார்கள். அலை அடித்தது, காற்று வீசியது என்கிறார்கள். எங்கள் ஓட்டுச் சாவடியில் அந்த நாளில் அலையும் அடிக்கவில்லை, காற்றும் வீசவில்லை. என் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அவன் எந்தக் கட்சிக்கு உட்கார்ந்தானோ, பெண்பிள்ளைகள் ஓட்டு அந்தக் கட்சிக்கு. இது டிவிக்காரர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டவன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்ல மாட்டாள். மாமனார் பேரும் அப்படித்தான். சொன்னால் அவர்களுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். குறையுமோ குறையாதோ, நான் சோதித்துப் பார்க்கவில்லை. இங்கேயும் யார் பேரும் வராது. ஒரு பேரைச் சொல்லாமலே இருந்து பழகிவிட்டால் மற்ற பேர்களும் தொண்டையிலேயே நின்றுபோகின்றன. கொழுந்தன் பேரைச் சொல்ல எனக்குத் தடை எதுவும் கிடையாது, சின்னவன்தானே. ஆனாலும் சொல்லப்போவதில்லை. இந்த வயதில் அவனுக்கு விளம்பரம் எதற்கு.

எழுபத்தொன்றில் நடந்த தேர்தலில் இது ஆரம்பித்தது. சாவடி எங்கள் ஊர்க் கோடியில் இருந்த, ஓடு போட்ட பள்ளிக்கூடம். ஏரிக்கரை ஓரத்துக் குடிசைக்காரர்களும் அங்கேதான் வரவேண்டும். ஆம்பிளைகள் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை. அதற்கு முன்னால் வந்த ஆபீசர்கள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் வந்தவர் சட்டம் படித்தவர் போலிருக்கிறது. ஒவ்வொருத்தியிடமும், "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டார்.

வரிசை அப்படியே நின்றுபோயிற்று. முதலில் நின்றவள் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டாள். அடுத்தவள் கோயில் பக்கம் கையைக் காட்டினாள். கோயிலில் இருக்கிற சாமிக்குத்தான் எத்தனை பேர். இன்னொருத்தி, "அவர் வெளில நிக்கிறார் சார், அவரையே கேட்டுக்கோ" என்றாள். ஆபீசர் தலையில் கையை வைத்துக்கொண்டார். குடிசைப் பக்கத்திலிருந்து எங்கள் கழனிக்கு நாற்று நட வருகிறவள் ஒருத்தி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் மட்டும் தன் புருஷன் பேரை வெற்றிலை துப்புகிற மாதிரி பளிச்சென்று சொல்லிவிட்டு, எங்களை முந்திக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். "பேரைச் சொன்னா இன்னாம்மா, குடிக்கிற கஞ்சியில கொறைஞ்சிடுமா?" என்று என்னைக் கேட்டாள். அவளிடம் போய் விளக்கம் சொல்கிற குடும்பமா எங்கள் குடும்பம் என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு. அவள் விரலில் மை காய்ந்துவிட்டது, எங்கள் குடும்பம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் உள்ளே கட்சி ஏஜெண்டாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கொழுந்தன் எழுந்தான். அவனுக்கு அதுவரைக்கும் ஊரில் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. மணியக்காரரிடம் நிலவரிக் கிஸ்தி ரசீது எழுதப் போய்க்கொண்டிருந்தான். அதனால் ஊரில் யார் பேர் என்ன, தகப்பன் பேர் என்ன என்பது மட்டும் மனப்பாடம். எதிர்க்கட்சி ஏஜெண்டு திருப்புலிவனத்துக்காரர். அவருக்கு எங்கள் ஊர் ஆம்பிளைகளின் பட்டப்பேர்தான் தெரியும். ஓட்டர் லிஸ்டில் பட்டப்பேர் போடுவதில்லை.

"சார், நான் சொல்றேன், நீங்க டிக் பண்ணிக்கினே வாங்க" என்றான் கொழுந்தன். ஒவ்வொருத்தியாக முன்னால் வர, அவன் பேரைச் சொல்ல, ஆபீசர் டிக் போட, வரிசை ஓட ஆரம்பித்தது. என் முறை வந்தபோது தன் அண்ணன் பேரைக் கோயில் மணி அடித்தது போலச் சொன்னான்.

இதில் யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் பேர் சொல்லி மானத்தைக் காப்பாற்றி உள்ளே அனுப்பின பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறைப்புக்குப் பின்னால் போய் வேறு சின்னத்தில் குத்த யாருக்கு மனசு வரும்? பெட்டியைப் பிரித்து எண்ணினபோது எங்கள் சாவடியில் அவன் கட்சிக்கு விழுந்திருந்த ஓட்டைப் பார்த்து அந்தக் கட்சிக்காரர்களே பயந்துபோனார்களாம். கூப்பிட்டு மாலை போட்டார்கள். அவனும் தான் மேடையில் பேசின பேச்சுக்குத்தான் மாலை என்று நினைத்துக்கொண்டான். அவன் பேசினது பேச்சு இல்லை, பேர்கள்.

எமர்ஜென்சி முடிந்து அடுத்த தேர்தல் வந்தது. ஒரு கட்சி இரண்டாகி, இருக்கிற கட்சிகளோடு புதுக் கட்சியும் சேர்ந்து, தொகுதியில் நாலாபக்கமும் ஜீப்பு ஓடிற்று. ஜீப்பில் வந்தவர்கள் எல்லாரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் மைக்கைக் கீழே வைத்ததில்லை. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய மண் இது" என்பார்கள். ஏதோ அவர்கள் பாட்டன் உளி பிடித்துச் செதுக்கினது போல. குடத்தைப் பற்றிப் பேசிவிட்டு, ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் ஓடைக்குப் பாலம் கட்டுவதாகச் சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் சத்தமில்லாமல் ஒவ்வொரு கட்சியிலிருந்தும் ஒரு ஆள் என் கொழுந்தனைத் தேடி வருவார். வேட்பாளரை நம்பாத கட்சிகூட அவனை நம்பிற்று.

அவன் அந்த முறை பக்கம் மாறினான். பெண்பிள்ளைகள் யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "இந்த வாட்டி இன்னா சின்னம் தம்பி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த எண்பதாம் வருஷத் தேர்தலில் மறுபடியும் மாறினான். மறுபடியும் கேட்டுக்கொண்டார்கள். சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. வெள்ளை வேட்டிக்கு ஓரத்தில் கரை வந்தது. கரையின் கலர் மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் வேறே. நான் எந்தச் சின்னத்தில் குத்தினேன் என்பது எனக்குத் தெரியும். மறைப்பு எதற்குக் கட்டியிருக்கிறார்கள்?

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தார்கள். கிணற்றுத் தண்ணீர் முறையில் ஆரம்பித்த சண்டை வீட்டுக்கு நடுவே சுவர் வைத்ததில் வந்து நின்றது. நிலத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், கடைசியில் பாத்திரம். என் வீட்டுக்காரர் எதிலும் வாய் திறக்காத மனுஷன். கொழுந்தன்தான் நின்று பிரித்தான். கூடத்தில் பித்தளையை இரண்டு குவியலாகப் போட்டுவிட்டு, பேர் வெட்டுகிறவரை உளியோடு உட்கார வைத்துவிட்டான்.

"ஒரு சாமான் விடாம பேர் வெட்டிடுங்க. அண்ணன் பேரு அண்ணன் குவியல்ல, எம்பேரு எங்குவியல்ல. நாளைக்கு எங்க வூட்டு சொம்பு அண்ணி வூட்டு அடுப்பங்கரைல நின்னுக்கினு கீதுன்னு யாரும் பேசக்கூடாது பாரு. அந்தப் பேஜாரே வாணாம்" என்றான்.

என் காது கேட்கச் சொன்னது அது. நான் அவன் வீட்டுச் சொம்பை எடுத்துப்போகிறவளாம். சரி வெட்டட்டும் என்று இருந்துவிட்டேன். அண்டா, குண்டான், தவலை, சொம்பு, கரண்டி, காபி டம்ளர் வரைக்கும் டொக்கு டொக்கென்று வெட்டினார்கள். நான் இரண்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். ஆனாலும் எழுத்துக் கூட்டினால் வரும். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் பேரை முதன்முதலாக நான் வாய்க்குள்ளேயே கூட்டிப் படித்தேன். உதடு அசையவில்லை. கண்ணால் படிப்பதற்குத் தடை எதுவும் யாரும் சொன்னதில்லை.

அடுத்த தேர்தல் எண்பத்துநாலு கடைசியில் வந்தது. அதற்குள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை சுத்தமாக நின்றுபோயிருந்தது. கொழுந்தன் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னானாம்: "அண்ணி ஓட்டு எங்க போயிடப் போவுது? நான் பேரு சொன்னாத்தான் அது பள்ளிக்கூடத்து வாசப்படியே ஏறும்." இதை என்னிடம் வந்து சொன்னவள் அந்த நாற்று நடுகிறவள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாத்தை நடற வேலையைப் பாரு, போ" என்றேன்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பேரைச் சொல்லிட்டு வாயேன்" என்றார். "எனக்கு ஆயுசு கெட்டிதான். இத்தினி வருஷம் உன்கூட குப்பை கொட்டியும் போவலையே."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப போவாத."

"போவேன்."

அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன. பாலம் எப்படியும் வரப்போவதில்லை. ஆனால் என் ஓட்டை என் கையால் போட்டாக வேண்டும், அவன் வாயால் போடக்கூடாது, என் வாயாலும் அந்தப் பேர் வரக்கூடாது. இந்த மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும் என்றால் எந்தக் கட்சி அறிக்கையிலும் அதற்கு வழி இல்லை.

ஓட்டு அன்றைக்கு மதியம் சோறு ஆக்கி வைத்துவிட்டுப் போனேன். கொழுந்தன் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் பேர் சொல்லி அனுப்பினான். என் முறை வந்ததும் உத்தரத்தில் இருந்த பல்லியைப் பார்க்க ஆரம்பித்தான்.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றார் ஆபீசர். கண்ணாடி போட்டவர், வெளியூர் வாத்தியார்.

ஆபீசர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"ஏஜெண்ட் சார், இவங்க யாரு?"

"தெரியாது சார்" என்றான். அவன் தாலி கட்டும்போது மணவறையில் விளக்குப் பிடித்தவள் நான்.

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடிற்று. நாற்று நடுகிறவள் பின்னாலிருந்து, "நான் சொல்றேன் சார் அவங்க வூட்டுக்காரர் பேரை" என்றாள். ஆபீசர், ஓட்டுப் போடுகிறவள்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏஜெண்டு சொல்ல வேண்டும், நடுவில் வருகிறவர்கள் சொன்னால் செல்லாது என்றார். சட்டம் எவ்வளவு நன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். "ஞாபகம் வந்ததும் வாங்கம்மா" என்று ஓரமாக நிற்கச் சொன்னார். கட்டிக்கொண்டவன் பேர் மறந்துபோனவள் என்று ஆகிவிட்டேன்.

நான் ஓரமாக நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். எங்கள் சாவடியில் நாலு மணிக்குமேல் வராதவர்களுடைய ஓட்டெல்லாம் கால் முளைத்துத் தானே நடந்துவந்து பெட்டியில் விழும், அது எல்லாருக்கும் தெரியும். அதற்குள் போயாக வேண்டும். ஆனால் அவசரப்பட்டு ஓடுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. தாகமாக இருந்தது. சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தேன். வைக்கப்போகும்போதுதான் கழுத்தோரத்தில் வெட்டியிருந்த எழுத்து கண்ணில் பட்டது. அவன் நின்று வெட்டவைத்த எழுத்து.

புளி போட்டு விளக்கினேன். எழுத்துப் பளிச்சென்று தெரியவேண்டும் இல்லையா. துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

ஆபீசர் மேஜையில், சீல் வைக்கும் அரக்குக்குப் பக்கத்தில், சொம்பை வைத்தேன். "படிச்சுக்குங்க" என்றேன்.

அவர் சொம்பைத் திருப்பினார். அதற்குள் கொழுந்தன் எழுந்துவிட்டான்.

"சார், அப்ஜக்ஷன். சுயேச்சையா நிக்கிறவர் சின்னம் குடம். சாவடிக்குள்ள சின்னத்தை எடுத்துக்கினு வந்து பிரசாரம் பண்றாங்க."

"இது சொம்பு ஏஜெண்ட் சார்."

"சொம்பு இன்னா சார், குடத்துக்கு சின்ன சைசுதானே. பொம்பளைங்க பார்த்தா மனசு மாறிடும்."

அந்தச் சுயேச்சை யார் என்று அவருடைய ஊருக்கே தெரியாது. அவருக்காக வாதாட அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒரே ஆள் என் கொழுந்தன்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்திலேயே ஓட்டுப் போட்ட ஊர் என்று ஜீப்புக்காரர்களோடு சேர்ந்து மைக்கில் சொன்ன அதே ஆள், சொம்பைக் கண்டு இப்படிப் பதறினான். ஆபீசர் வெளியே ஒட்டியிருந்த சின்னங்களை ஒருமுறை எட்டிப் பார்த்தார். சொம்பை ஒருமுறை பார்த்தார். வாத்தியார் இல்லையா, உருவத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார். "இதற்குக் கழுத்து வேறே" என்று சொல்லிவிட்டு, எழுத்தைச் சத்தமாகப் படித்தார். லிஸ்டில் விரலை வைத்துப் பார்த்தார். "சரியாக இருக்கிறது" என்றார்.

"பேர் சரி சார். சொம்பு இவங்களுதுன்னு யாருக்குத் தெரியும்? பாத்திரம் தானே, யார் வூட்டுதை யார் வேணா எடுத்துக்கினு வரலாம்" என்றான் கொழுந்தன்.

அப்போதுதான் நான் அவனிடம் பேசினேன். பாகம் பிரிந்த பிறகு பேசின முதல் பேச்சு.

"யார் வூட்டுதுன்னு நீயே சொல்லேன் தம்பி. நீதான பக்கத்துல நின்னு பேர் வெட்ட வச்ச. உங்க அண்ணன் பேர் போட்டது உன் வூட்டுல கீதுன்னா சொல்லு, நான் இப்பவே வந்து எடுத்துக்கினு போறேன்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் வாசற்படியில் வந்து முட்டிக்கொண்டார்கள். கொழுந்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அது எங்கள் வீட்டுது இல்லை என்று சொன்னால் அண்ணன் வீட்டுச் சாமானைத் தான் எடுத்து வைத்திருக்கிறான் என்று ஆகும். அந்த மாதிரிப் பேச்சு வரக்கூடாது என்றுதான் பேரே வெட்ட வைத்தான்.

"எங்க அண்ணன் வூட்டு சொம்புதான் சார்" என்றான்.

"இந்தம்மா யாரு?"

பல்லி எப்போதோ போய்விட்டிருந்தது. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

"அண்ணி" என்றான், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

விரலில் மை வைத்தார்கள். சீட்டைக் கொடுத்தார்கள். சொம்பை உள்ளே கொண்டுபோகக்கூடாது என்று ஆபீசர் சொன்னதால் கொழுந்தன் முன்னாலேயே, எழுத்து அவன் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, மறைப்புக்குப் பின்னால் போனேன். நிதானமாகத்தான் குத்தினேன். மை காயட்டும் என்று ஊதி மடித்தேன். வெளியே வந்து சொம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். நாற்று நடுகிறவள், "பேரைச் சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்" என்றாள். அவளுக்கு எதையும் விளக்க முடியாது.

அடுத்த தேர்தல் எண்பத்தொன்பதில் தை மாதத்தில் வந்தது. அன்றைக்குச் சாவடிக்கு வந்த ஆபீசர் எங்கள் ஊரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாரோ தெரியாது. பொம்பளைகள் வரிசையில் ஆளுக்கொரு சாமான். டம்ளர், தட்டு, கரண்டி, குங்குமக் கிண்ணம். பேர் வெட்டின சின்னச் சாமான் எதுவும் இல்லாத ஒருத்தி தவலையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எவர்சில்வர் கடை போட்டது போல இருந்தது. ஆபீசர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படித்து டிக் போட்டார். கொழுந்தன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அவன் பேர் வெட்டின சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றாள். தினமும் அதில்தான் அவனுக்குச் சோறு. அவன் அதைப் பார்க்காதது போல இருந்தான். ஆனால் ஆபீசர் அந்தப் பேரைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தார்.

எங்கள் சாவடிப் பெட்டியில் அந்த முறை ஓட்டு எல்லாச் சின்னத்திலும் சிதறிக் கிடந்ததாம். யாருக்கு எவ்வளவு என்று முன்னால் சொல்ல எவனாலும் முடியவில்லை. கட்சிக்காரர்கள், மக்கள் மனசு குழம்பிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஜீப்புகள் என் கொழுந்தன் வீட்டு வாசலில் நிற்காமல் நேராகப் போக ஆரம்பித்தன. பாலம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் ஒரு நாள் கொழுந்தன் சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். மோட்டார் சைக்கிள் விற்றாகிவிட்டது. வேட்டியில் கரை இல்லை. வந்தவன் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான், மாட்டைப் பற்றிப் பேசினான்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளு."

"அந்த வாட்டி, சொம்பு எடுத்துக்கினு வந்தியே, நீ எதுல குத்தின? எவ்ளோ யோசிச்சும் கணக்கு ஒதைக்குது. கட்சி பேரை மட்டும் சொல்லு, போதும்."

நான் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"எனக்குப் பேர் சொல்லிப் பழக்கம் இல்லையே தம்பி" என்றேன்.

சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தான். அவன் அண்ணன் பேர் அவன் மூக்குக்கு நேராக இருந்தது.